தேனீப் பெட்டி ஏன் காலியாகிறது? நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரம் பக்கம் வாழைத்தோப்பில் நாலு பெட்டி வைத்திருப்பவர், ராதாபுரத்தில் முருங்கை காய்ப்புக்காகப் பெட்டி வாங்கியவர், தேன் வாங்க மட்டுமே தெரிந்தவர் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. பெட்டியில் வளரும் இந்தியத் தேனீயை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. மலைத்தேனீ, இத்தாலியத் தேனீ ஆகியவற்றைப் பற்றிய இடங்களில் அவற்றின் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் வரை நன்றாக இருந்த கூட்டம் திடீரென்று சுருங்கிவிட்டது. எப்படி?

திடீரென்று என்பது நம் கணக்கு. பெட்டிக்குள் அது சில வாரங்களாகவே நடந்துகொண்டிருந்திருக்கும்.

வேலைக்காரத் தேனீ சுமார் ஆறு வாரம் உயிரோடு இருக்கும். முதல் மூன்று வாரம் வீட்டு வேலை: அறைகளைத் துப்புரவு செய்வது, முட்டையிலிருந்து வந்த புழுவுக்குத் தீனி கொடுப்பது, தேனடை கட்டுவது, வாசலைக் காப்பது. அதன் பிறகுதான் வெளியே போய்த் தேனும் மகரந்தமும் கொண்டுவரும். வெளியே போன தேனீக்கள் வெயிலாலோ பூச்சிமருந்தாலோ வழி தவறியோ திரும்பாமல் போனால், உள்ளே இருக்கும் இளசுகள் வயதுக்கு முன்பே வெளிவேலைக்குக் கிளம்பிவிடும். அவை குறைவான தடவையே பறக்கும், கொண்டுவருவதும் குறைவு, சீக்கிரம் செத்தும்போகும். அந்த இடத்தை நிரப்ப அவற்றைவிட இளசுகள் போகும். உடலில் சிறு கருவியை ஒட்டி ஒவ்வொரு தேனீயின் போக்குவரத்தையும் பதிவு செய்து, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2015இல் இதைக் காட்டினார்கள். ஒரு கட்டம் வரை கூட்டம் சமாளித்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கட்டத்தைத் தாண்டியதும் மளமளவென்று சரிகிறது. தேனடை தொங்கும் மரச்சட்டத்தைத் தூக்கிப் பார்க்கும் நாளில் ராணியும் கைப்பிடி அளவு தேனீயும் பட்டினி கிடக்கும் புழுவும்தான் மிஞ்சியிருக்கும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். மருந்தா, வெயிலா, நோயா?

இந்தக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் தருபவரை நம்பாதீர்கள். மருந்துக்கடைக்காரர் வெயில் என்பார், இயற்கை விவசாயி மருந்து என்பார், பெட்டி விற்றவர் பராமரிப்புச் சரியில்லை என்பார். மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கும்.

கடன் இருக்கும் குடும்பம் சமாளிக்கும், மழை பொய்த்தாலும் சமாளிக்கும், வீட்டில் ஒருவர் படுத்துவிட்டாலும் எப்படியோ சமாளிக்கும். மூன்றும் ஒரே ஆடி மாதத்தில் வந்தால் வீடு கைமாறிவிடும். அப்போது எது காரணம் என்று கேட்பதில் பொருளில்லை. தேனீக் கூட்டத்தின் கதையும் இதுதான். பூக்குறைவு, பூச்சிமருந்து, நோயும் ஒட்டுண்ணியும் ஆகிய மூன்றும் சேர்ந்தே தேனீக்களைக் குறைக்கின்றன என்று 2015இல் சயன்ஸ் இதழில் வந்த விரிவான அலசல் ஒன்று சொன்னது. நம் ஊருக்கு அந்தப் பட்டியலில் வெயிலையும் காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு தொல்லை சேர்ந்தால் இரண்டு மடங்குதானே கெடுதல்?

பல நேரம் அப்படித்தான். சில நேரம் அது கூட்டலாக இல்லாமல் பெருக்கலாகிவிடுகிறது. நம் வாழைத்தோப்பையே எடுத்துக்கொள்வோம்.

வாழையில் இலைப்புள்ளி நோய்க்குப் புரோபிகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி அடிக்கிறோம். தேனீக்கு அது தனியாகப் பெரிய கெடுதல் செய்யாது. ஆனால் தேனீயின் உடலில் நஞ்சை முறிக்கும் நொதிகள் சில உண்டு, இந்த மருந்து அவற்றை முடக்கிவிடும். அந்த நிலையில் ஒரு பூச்சிமருந்தும் சேர்ந்து உள்ளே போனால் முறிக்க ஆளில்லை. 2004இல் வெளிவந்த ஆய்வகச் சோதனையில், புரோபிகோனசோலுடன் சேர்ந்தபோது அசிட்டாமிப்ரிட் தேனீக்குச் சுமார் 100 மடங்கும் தையாகுளோபிரிட் 500 மடங்குக்கு மேலும் நஞ்சாயின. தனியே அடித்தால் தேனீக்குச் சாது என்று பெயர் எடுத்த மருந்துகள் இவை இரண்டும். தனியாகவே கொடிய நஞ்சான இமிடாகுளோபிரிடின் வீரியம் அதே சோதனையில் அவ்வளவாகக் கூடவில்லை. ஆகவே மருந்துகளைத் தனித்தனியே சோதித்து ஒட்டும் லேபிளை வைத்துக்கொண்டு, டேங்கில் கலந்த பிறகு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

உரக்கடையில் “பூச்சிக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று, கூடவே ஒரு டானிக்” என்று மூன்றையும் ஒரே பையில் போட்டுத் தருவார்கள். மூன்றையும் ஒரே டேங்கில் ஊற்றினால் ஆள்கூலி மிச்சம். கூலி விற்கும் விலையில் அந்தக் கணக்கைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தார் தொங்கும் தோப்பில், வாழைப்பூவில் தேனீ மொய்க்கும் காலை நேரத்தில் அதைச் செய்வதைத்தான் சொல்கிறேன்.

2021இல் நேச்சர் இதழில் 90 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அலசல் ஒன்று வந்தது. வேளாண் மருந்துகள் ஒன்றோடொன்று சேரும்போது தேனீச் சாவு கூட்டலைத் தாண்டிப் போகிறது என்பது அதன் முடிவு. நோயும் பசியும் சேரும் இடங்களில் பெரும்பாலும் கூட்டல்தான் தெரிந்தது. கூட்டல் என்றாலும் கெடுதல் கெடுதல்தான்.

நம் பக்கம் எந்த மாதங்கள் மோசம்?

தை முதல் சித்திரை வரை கவலையில்லை. மாம்பூ, முருங்கை, பிறகு வேம்பு, புங்கம் என்று ஒன்று மாற்றி ஒன்று வரும். கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் துளிர்க்கும் காலமும் இதற்குள் வருவதால் மார்த்தாண்டத்துக்காரர்கள் அங்கே பெட்டிகளைக் கொண்டுபோய் இறக்குவார்கள். ரப்பரில் தேன் பூவிலிருந்து வருவதில்லை, இலைக்காம்பில் உள்ள சுரப்பியிலிருந்து வருகிறது.

சிக்கல் வைகாசியில் தொடங்குகிறது. அக்கினி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டை 40 பாகை செல்சியஸைத் தாண்டும். பூ குறைந்திருக்கும், குளம் வற்றியிருக்கும். ஆனி, ஆடியில் மேற்கே குற்றாலத்தில் சாரல், கிழக்கே வெறும் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் வரும் அந்தக் காற்றை நம்பித்தான் வள்ளியூர், ராதாபுரம் பக்கம் காற்றாலை நிற்கிறது. காற்றாலைக்கு நல்ல காற்று தேனீக்கு நல்லதில்லை. வேகம் கூடிய நாட்களில் அது வாசலை விட்டுக் கிளம்பாது, கிளம்பினாலும் கொண்டுவரும் தேனை வழியிலேயே செலவழித்துவிடும்.

இதே நேரத்தில்தான் பாபநாசம் அணை திறந்து தாமிரபரணிக் கரையில் கார் நெல் நடவு. வேறு பூ இல்லாத வேளையில் நெல் கதிர் தள்ளினால் தேனீ நெல் மகரந்தத்துக்குப் போகும். நெல்லில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். காலை ஒன்பது மணியிலிருந்து உச்சி வரை நெற்பூ திறந்திருக்கும். தெளிப்பான் வயலில் இறங்குவதும் அந்த நேரத்தில்தான். பசித்த கூட்டம், வெயிலில் களைத்த கூட்டம், மருந்து அடித்த வயல் மூன்றும் இங்கே சந்திக்கின்றன. ஆவணி, புரட்டாசியில் பெட்டி காலியாவதற்கு விதை வைகாசியிலேயே விழுந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தேனீ வெளியே போக முடியாது. சேமிப்பு இருந்தால் தாங்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்தது போன்ற வெள்ளத்துக்கு யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை. ஆற்றங்கரைத் தோப்பில் பெட்டியை மேட்டில் வைக்கலாம், அவ்வளவுதான்.

உடங்காட்டை, அதாவது சீமைக் கருவேலக் காட்டை வெட்டினால் தேனீக்கு நல்லதா, கெட்டதா?

சீமைக் கருவேலத்தை நானும் விரும்புவதில்லை. குளத்தைத் தூர்த்து, மேய்ச்சல் நிலத்தை விழுங்கி, வேறு செடியைத் தலைதூக்க விடாமல் நிற்கும் மரம் அது. ஆனால் நாங்குநேரி, திசையன்விளைப் பக்கத்து வறண்ட காட்டில் தேனீக்கு அதன் பூதான் பெரிய சோறு. ஒரே மாதத்தில் பொக்லைன் விட்டுக் குளம் முழுவதும் வழித்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் எதையும் நடாமல் விட்டால், சுற்றியுள்ள பெட்டிகள் அடுத்த கோடையில் பட்டினி கிடக்கும். வெட்டுங்கள், கூடவே புங்கம், வேம்பு, நாவல், இலந்தை, நாட்டு உடை என்று நடுங்கள். தேரிக்காட்டு மணலில் உடை மரம் தானாக வரும், ஆடு கடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். பகுதி பகுதியாக வெட்டினால் இடைவெளி தெரியாது.

சர்க்கரைப் பாகு வைத்தால் பசி தீராதா?

பாதிப் பசி தீரும். தேன் என்பது சர்க்கரைச்சத்து, பறப்பதற்கான எரிபொருள். புரதமும் கொழுப்பும் மகரந்தத்தில் மட்டும்தான் உண்டு. மகரந்தம் இல்லாமல் வளர்ந்த தேனீயின் உடலில் சேமிப்பு இருக்காது, நோயைத் தாங்காது, ஆயுளும் குறையும். அந்த மகரந்தமும் ஒரே பயிரிலிருந்து வந்தால் போதாது. பல பூ மகரந்தம் தின்ற தேனீக்களிடம் நோய்த்தடுப்பு வேலைகள் சில நன்றாக நடப்பதை 2010இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பசியும் மருந்தும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று 2017இல் பார்த்த ஒரு சோதனையில், தனித்தனி விளைவுகளைக் கூட்டினால் வரும் அளவைவிட அதிகமாகத் தேனீக்கள் செத்தன.

பாகு வைப்பதாக இருந்தால் வெள்ளைச் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு, மாலையில், பெட்டிக்குள்ளே. வெளியே சிந்தினால் எறும்பும் பக்கத்துக் கூட்டமும் கொள்ளைக்கு வந்துவிடும். பனை ஊர்க்காரர்கள் கருப்பட்டிப் பாகு வைக்கிறார்கள். வேண்டாம். நமக்கு நல்லது தேனீக்கு வயிற்றுப்போக்கு. கடைத் தேனையும் வைக்காதீர்கள், நோய் அதன் வழியாக வரும். இரண்டு தென்னை, ஒரு முருங்கை, வேலியோரம் கொஞ்சம் துளசி, வரப்பில் எள் என்று இருந்தால் பாகுச் செலவு பாதியாகும். தென்னை ஆண்டு முழுவதும் பாளை விடும் என்பது நம் தேனீக்குக் கிடைத்த வரம்.

வெயில் நேரடியாகத் தேனீயைக் கொல்லுமா?

பெட்டிக்குள் புழு இருக்கும் பகுதி 33 முதல் 35 பாகைக்குள் இருக்க வேண்டும். வெளியே 40 என்றால் தேனீக்கள் தண்ணீர் கொண்டுவந்து அறை விளிம்பில் துளித்துளியாகப் பரப்பி, வாசலில் வரிசையாக நின்று சிறகால் விசிறும். சித்திரை மத்தியானத்தில் வாசலுக்கு முன் கையை நீட்டிப் பாருங்கள், வெளியே வரும் காற்று கையில் படும். இத்தனை பேர் தண்ணீர் சுமந்து விசிறிக்கொண்டிருந்தால் தேனுக்குப் போவது யார்? தண்ணீர் எடுக்கப் போகும் இடமும் பெரும்பாலும் வயல் வாய்க்கால்தான், முந்தின நாள் அடித்த மருந்து அதில் இருக்கும். வெயில் இப்படித்தான் மருந்தோடு கை கோக்கிறது.

ராணிக்கு வேறொரு ஆபத்து. ஒருமுறை இணைந்து சேமித்த விந்தை அது ஆயுள் முழுவதும் பயன்படுத்துகிறது. 40 பாகைக்கு மேல் சில மணி நேரம் இருந்தாலே அந்த விந்தில் ஒரு பங்கு கெட்டுப்போகும். ராணி உயிரோடுதான் இருக்கும், முட்டை வைப்பது குறையும். வெயிலில் நிறுத்திய வண்டியில் பெட்டியைக் கொண்டுவந்தவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

பெட்டி மேல் தகரக் கூரை போடாதீர்கள். பனையோலையோ தென்னங்கீற்றோ போடுங்கள். பெட்டிக்குப் பத்தடி தூரத்தில் அகலமான மண்சட்டியில் தண்ணீர், அதில் கால் ஊன்றக் கூழாங்கல். மாசியிலேயே வைத்துவிட வேண்டும். தேனீ ஓரிடத்தில் தண்ணீர் குடித்துப் பழகிவிட்டால், வைகாசியில் நீங்கள் வைக்கும் சட்டியை ஏறெடுத்தும் பார்க்காது.

பக்கத்து வயலில் மருந்து அடிக்கிறார்கள். பெட்டியை மூடி வைக்கலாமா?

இரவில் மூடி, மறுநாள் காலை சில மணி நேரம் வைத்திருக்கலாம். காற்றுப் போகும் வலையால் மூடி, மேலே ஈரச்சாக்கு போட்டு, நிழலில் இருந்தால் மட்டும். கோடைப் பகலில் வாசலைத் துணியால் அடைத்துவிட்டுப் போனால், மருந்து கொல்லாததை வெக்கை கொன்றுவிடும். அடைகள் உருகி ராணியோடு கீழே விழுந்து கிடக்கும்.

அதைவிடப் பக்கத்துக்காரரிடம் பேசுவது மேல். அண்ணாச்சி, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அடியுங்கள், பூக்கும் நாளில் வேண்டாம், இரண்டு மருந்தைக் கலக்காதீர்கள் என்று மூன்றே விஷயம். அடுத்த அறுவடையில் ஒரு பாட்டில் தேன் கொடுத்துவிட்டுச் சொன்னால் இன்னும் எடுபடும். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: இமிடாகுளோபிரிட், தையமீதாக்சாம் போன்றவை செடிக்குள் ஊடுருவி மகரந்தத்திலும் தேனிலும் வந்துவிடும். மாலையில் அடித்தாலும் அந்த ஆபத்து முழுதாக நீங்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இந்த வகையில் மூன்று மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது இதனால்தான்.

புழு தண்ணீர்ப் பை போல் ஆகிச் சாகிறது. என்ன மருந்து?

மருந்து இல்லை. அது தாய்லாந்து சாக்புரூட் என்னும் வைரஸ். தலையை நிமிர்த்தியபடி புழு செத்திருக்கும், சிறு இடுக்கியால் இழுத்தால் கிழியாமல் ஒரு நீர்ப்பையாக வெளியே வரும், விட்டு வைத்தால் காய்ந்து தோணி போல வளைந்துவிடும். 1990களின் தொடக்கத்தில் கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் இந்தியத் தேனீப் பெட்டிகளில் பெரும்பகுதியைத் துடைத்தெடுத்தது இதுதான். மார்த்தாண்டத்தில் தேனையே நம்பியிருந்த குடும்பங்கள் வேறு வேலைக்குப் போனார்கள். தப்பிய கூட்டங்களிலிருந்து மெல்லப் பெருக்கித்தான் மீண்டார்கள். மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆன்டிபயாடிக் பொடி வாங்கிக் கொட்டாதீர்கள், வைரஸை அது ஒன்றும் செய்யாது. ராணியைச் சிறு கூண்டில் அடைத்து மூன்று வாரம் முட்டை வைக்க விடாமல் செய்தால் வைரஸுக்குப் புதுப் புழு கிடைக்காது. அந்தப் பெட்டியின் சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்ற வேண்டாம். நல்ல தீனி கொடுங்கள். இந்த வைரஸ் கூட்டத்தில் ஓரளவு இருந்துகொண்டே இருக்கலாம், கூட்டம் தளரும் நேரம் பார்த்துத் தலைதூக்கும். பூச்சிமருந்துக்கும் வைரஸுக்கும் உள்ள உறவை இத்தாலியத் தேனீயில் காட்டியிருக்கிறார்கள். குளோதியானிடின் என்ற மருந்து தேனீயின் எதிர்ப்பைத் தணித்து, சிறகைக் கோணலாக்கும் வைரஸைப் பெருகவிடுகிறது என்று 2013இல் வந்த ஆய்வு சொன்னது.

அப்படியானால் இத்தாலியத் தேனீக்கு மாறிவிடலாமா?

தேன் கூடுதலாகத் தரும், சட்டென்று ஓடிப்போகாது. ஆனால் வரோவா உண்ணி அதைத் தின்றுவிடும். அந்த உண்ணியோடு காலங்காலமாக வாழ்ந்த இந்தியத் தேனீ, அதைக் கடித்துத் துப்பவும் ஆண்புழு அறைக்குள்ளேயே கட்டுப்படுத்தவும் கற்றிருக்கிறது. இத்தாலியத் தேனீ கற்கவில்லை, நீங்கள் மருந்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பூ இல்லாத மாதத்தில் லாரியில் ஏற்றி வேறு ஊர் கொண்டுபோக வசதி இருப்பவர்கள் யோசிக்கலாம். நாலு பெட்டிக்காரருக்கு நம் ஊர்த் தேனீ போதும்.

மொபைல் டவர்?

டவரால் மட்டும் கூட்டம் அழிகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. டவரைத் திட்டுவது சுலபம், டேங்கில் என்ன கலந்தோம் என்று பார்ப்பது சிரமம்.

டவுனில் பெட்டி வைக்கலாமா?

வைக்கலாம். பூந்தொட்டியும் தெருமரமும் உள்ள டவுன், மருந்தில் நனைந்த ஒற்றைப்பயிர் வயலைவிட மேலாகக்கூட இருக்கும். புகையைக் கவனியுங்கள். பெங்களூரில் மலைத்தேனீக்களைப் பிடித்துப் பார்த்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், காற்று மாசு மிகுந்த இடங்களில் பிடித்தவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் செத்தன. டீசல் புகை பூவின் மணத்தையே சிதைக்கிறது என்பதும் தெரிந்த செய்தி. இன்னொன்று டீக்கடைக் குப்பைத்தொட்டி. குடித்துப் போட்ட காகிதக் கப்பில் மிச்ச இனிப்புக்கு இறங்கி மூழ்கிச் சாகும் தேனீக்களைப் பற்றித் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் 2011இல் எழுதினார்கள். தொட்டிக்கு மூடி போட்டால் தீரும் விஷயம், யாரும் போடுவதில்லை.

நான் ஒரு சொட்டு மருந்தும் அடிப்பதில்லை. என் பெட்டிக்கு என்ன பயம்?

உங்கள் வேலி தேனீக்குத் தெரியாது. இந்தியத் தேனீ ஒரு கிலோமீட்டருக்கு மேலும் போய்வரும். அந்த வட்டத்தில் எத்தனை பேர் வயல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வேப்பெண்ணெய்க் கரைசலானாலும் திறந்த பூவின் மேல் அடிக்காதீர்கள்.

ஒரு தேனீகூட இல்லாமல் மொத்தமும் போய்விட்டது. செத்ததா, ஓடியதா? எப்படித் தெரிந்துகொள்வது?

பெட்டியைப் பார்த்தால் ஓரளவு தெரியும். தேனும் இல்லை, புழுவும் இல்லை, அடை காலி என்றால் பசியாலோ வெக்கையாலோ தொல்லையாலோ கூட்டம் திட்டமிட்டு இடம் பெயர்ந்திருக்கிறது. இந்தியத் தேனீக்கு அந்தக் குணம் உண்டு. வாசலில் குவியலாகச் செத்து, நாக்கு வெளியே நீண்டிருந்தால் அன்றோ முந்தின நாளோ கடும் மருந்து பட்டிருக்கிறது. தலையை அறைக்குள் விட்டபடி செத்திருந்தால் பட்டினி. நூலாம்படை பிடித்த அடையைப் பார்த்து மெழுகு அந்துப்பூச்சிதான் காரணம் என்பார்கள். தளர்ந்த கூட்டத்தில் கடைசியாக வந்து சேரும் விருந்தாளி அது. சாவே கண்ணில் படாமல் எண்ணிக்கை மட்டும் குறைந்தால், வெளியே போனவை திரும்பவில்லை, முதல் பதிலைப் படியுங்கள்.

செத்த தேனீ கிடைத்தால் ஒரு கைப்பிடி சுத்தமான கவரில் போட்டு உடனே ஃப்ரீசரில் வையுங்கள். வெயிலில் கிடந்ததில் மருந்தின் தடயம் சிதைந்துவிடும். பெட்டி மூடியின் உள்பக்கத்தில் பென்சிலால் தேதி போட்டு, என்ன பூத்திருக்கிறது, சுற்றிலும் யார் என்ன அடித்தார்கள், எத்தனை சட்டத்தில் தேனீ இருந்தது என்று எழுதி வாருங்கள். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரிக்கோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போகும்போது தேனீக் கவரோடு அந்த மூடியையும் எடுத்துச் செல்லுங்கள்.